பிரிவதற்கு முன் ஒரு தீவு: காரைக்குடியிலிருந்து எங்கே போகலாம்?

எந்தத் தீவு என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த மாதம் என்பதை முடிவு செய்துவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிறான். இன்னொருவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஒருத்திக்கு ஆவணியில் கல்யாணம். மற்ற இருவரும் காரைக்குடியிலேயே இருப்போம். ஐந்து பேரும் ஒன்றாக இருக்கக் கிடைக்கிற காலம் ஆனியும் ஆடியின் முற்பாதியும்தான். இது தெரிந்ததுமே நாங்கள் ஆசைப்பட்ட தீவுகளில் பாதி கழன்றுவிட்டது. கூட்டமாகப் பிரியப்போகிற பலருக்கும் இதே நிலைமைதான் இருக்கும். வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்புகிறார்கள். அதனால் நாங்கள் விசாரித்ததையும் எடைபோட்டதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லோருடைய வாயிலும் முதலில் வருவது அந்தமான். பாஸ்போர்ட் வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம், சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018 கடைசியிலேயே ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு ஆகிவிட்டன. டிக்கெட் போடும்போது இரண்டு பெயர்களும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம். ராதாநகர் கடற்கரையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அத்தனை அழகு. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து குடியேறிய தமிழர்கள் அங்கே நிறைய இருப்பதால் கடைத்தெருவில் தமிழிலேயே சமாளிக்கலாம்.

ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே, மே மாதம் மூன்றாவது வார வாக்கில், அந்தமானைத் தொட்டுவிடும். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். தீவுக்குத் தீவு போகும் படகுகளை வானிலை பார்த்துத் திடீரென்று நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் கலங்கிவிடுவதால் ஸ்கூபா இறங்கினாலும் அதிகம் தெரியாது. அந்த மாதங்களில் ஹோட்டல்காரர்கள் பாதி விலைக்கு அறை தருவதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். படகு ஓடாமல் ஸ்ரீ விஜயபுரத்திலேயே இரண்டு நாள் முடங்கினால், அந்த இரண்டு நாளை யாராலும் திருப்பித் தர முடியாது. சாதாரணச் சுற்றுலா என்றால் அடுத்த வருடம் இன்னொரு முறை போய்க்கொள்ளலாம். பிரிவதற்கு முன் போகிற பயணத்துக்கு அடுத்த வருடம் கிடையாது. தீவுகளை எடைபோட நாங்கள் வைத்துக்கொண்ட படிக்கல் இதுதான்: ஐந்து பேரும் விழித்திருந்து, ஒன்றாக, கரையில் இருக்கப்போகிற மணி நேரம் எவ்வளவு?

லட்சத்தீவு அந்தப் படிக்கல்லின் முன் நிற்கவே இல்லை. நுழைவு அனுமதி வாங்க வேண்டும், கொச்சிக்குப் போக வேண்டும், அங்கிருந்து அகத்திக்குச் சின்ன விமானம் அல்லது பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் கப்பல். மழைக்காலத்தில் சுற்றுலா ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த பிறகு கேட்பவர்கள் பெருகினார்களே தவிர, தங்கும் இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. அக்டோபருக்குப் பிறகு, மூன்று நான்கு மாதம் முன்பே திட்டமிட முடிகிறவர்களுக்கு மட்டும் அது சரிவரும்.

மாலத்தீவு என்றதும் நடுக்கடலில் கால் ஊன்றிய மரவீடுகள்தான் நினைவுக்கு வரும். அவை இருவருக்காகக் கட்டப்பட்டவை. ஐந்து பேர் போனால் மூன்று வீடு எடுத்து, இரவானதும் ஆளுக்கொரு பக்கம் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நண்பர்களுக்கு ஏற்றது மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் விடுதிகள்தான். மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தியர்களுக்கு 30 நாள் விசா அங்கே இறங்கும்போதே இலவசமாகக் கிடைக்கிறது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் மட்டும் நிரப்ப வேண்டும். செலவில் பலரும் மறப்பது பசுமை வரி. 2025 ஜனவரியிலிருந்து சின்ன விடுதிகளில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர். ஐந்து பேர் ஐந்து இரவு தங்கினால் இந்த வரியே 150 டாலர். இதோடு சாப்பாட்டுக்கும் படகுக்கும் தனி வரி உண்டு.

மழைக்காலத்தில் மாலத்தீவு முழுக்க மூடிவிடாது, வெயிலும் மழையும் மாறி மாறி வரும். ஆனால் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் சைவம். காலை முதல் இரவு வரை சூரை மீன்தான் அங்கே பிரதானம். வேறு எதுவும் கிடைக்காது என்று சொல்லவில்லை. தினமும் மூன்று வேளை இருவர் மட்டும் தேடித்தேடிச் சாப்பிட வேண்டியிருந்தால் அவர்களுக்கு அது விடுமுறையாக இருக்காது. தவிர, குட்டித் தீவில் குளித்து, சாப்பிட்டு, மறுபடி குளித்த பிறகு சேர்ந்து செய்ய அதிகம் இல்லை. புதுமணத் தம்பதிக்கு அது வரம். எங்களுக்கு நடந்து திரிய ஊர் வேண்டும், டீக்கடை வேண்டும்.

அடுத்து மலேசியா. இங்கேதான் எங்களுக்குள் நிஜமான விவாதம் நடந்தது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், ஏறத்தாழ நான்கு மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. அந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். இறங்குவதற்கு முன் மின்னணு வருகை அட்டை நிரப்பினால் போதும். லங்காவி 1987 முதல் சுங்கவரி இல்லாத தீவு. 2007இல் யுனெஸ்கோ புவிப்பூங்காவும் ஆனது. கிலிம் அலையாத்திக் காட்டில் படகில் போகலாம், மலைமேல் தொங்குபாலத்தில் நடக்கலாம், செனாங் கடற்கரையில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ஆனால் செனாங்கில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பவளப்பாறை பார்க்கப் பாயார் தீவுக்குத் தனியாகப் படகேற வேண்டும்.

கண்ணாடித் தண்ணீர்தான் வேண்டும் என்றால் ஜூன், ஜூலையில் மலேசியாவின் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். பெர்ஹென்தியன் தீவுகள் அப்போது மிக நல்ல நிலையில் இருக்கும். போகிற வழிதான் இடிக்கிறது. காரைக்குடியிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து கோத்தா பாருவுக்கு இன்னொரு விமானம், பிறகு டாக்சியில் கோலா பெசுட், அப்புறம் படகு. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். ஒரு வார விடுப்பில் மூன்று நாள் வரிசைகளிலும் பெல்ட் கழற்றுவதிலும் போய்விடும்.

பினாங்கை நம் ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தண்ணீர்மலைக் கோயிலும், தைப்பூசத்துக்குப் புறப்படும் வெள்ளி ரதமும் செட்டிநாட்டு வீடுகளில் தலைமுறையாகப் பேசப்படுகிறவை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் இருக்கிறார்கள். பினாங்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அது தை மாதத்தில், பெரியவர்களோடு போக வேண்டிய ஊர். குளிப்பதற்கான கடல் அங்கே அவ்வளவு சிறப்பில்லை.

சிங்கப்பூர் போகிறவன் ஒரு யோசனை சொன்னான்: எல்லோரும் மலேசியா போவோம், விடுமுறை முடிந்ததும் நான் அப்படியே சிங்கப்பூருக்குப் போய்விடுகிறேன், எனக்கு ஒரு டிக்கெட் மிச்சம். கேட்க நன்றாக இருந்தது. நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். முதல் காரணம் சாமான். வேலைக்குப் போகிறவன் முப்பது கிலோ பெட்டியோடு தீவுக்கு வருவான். சான்றிதழ்கள் நனைந்துவிடுமோ என்ற கவலையில் படகில் ஏறமாட்டான். இரண்டாவது, மனசு. மூன்றாம் நாளிலிருந்தே அவன் புது அலுவலகத்தில் இருப்பான். மூன்றாவதுதான் முக்கியம்: அவன் வீட்டில் அவனை வழியனுப்ப ஆசைப்படுவார்கள். கடல்கடந்து வணிகம் செய்ய, ‘கொண்டுவிற்க’ப் போன காலத்திலிருந்து இந்த ஊர் வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போய் அர்ச்சனை செய்து, ஆயாவிடம் திருநீறு பூசிக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து கிளம்ப வேண்டும். நண்பர்கள் நாம் அந்த நாளை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீதி இருந்தது இலங்கை. எங்கள் முடிவும் அதுதான்.

இலங்கைக்கு இரண்டு மழைக்காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையில் மழை பெய்யும். காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் அப்போது அலை முரடாக இருக்கும். மத்திய மலைகளைத் தாண்டுவதற்குள் அந்தக் காற்று மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குக் கரைக்கு வறண்டுதான் வந்து சேரும். அங்கே அதைக் கச்சான் காற்று என்பார்கள். அதனால் நம் தேவைக்குச் சரியான ஜூன், ஜூலையில் திருகோணமலைப் பக்கம் வெயிலும் அமைதியான கடலும் கிடைக்கும். உப்புவெளி, நிலாவெளி இரண்டும் நீண்ட மணல் கடற்கரைகள். ஆழம் சட்டென்று இறங்காது. நம்மில் பலர் ஊருணியிலும் கிணற்றிலும் நீச்சல் கற்றவர்கள், கடல் வேறு. தைரியத்தைக் காட்டாமல் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலாவெளியிலிருந்து படகில் சிறிது தூரத்தில் புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. கரையிலிருந்து சில அடி நடந்தாலே பவளப்பாறை தொடங்கிவிடுகிறது. துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் சுற்றும், மனிதர்களைக் கண்டால் அவையே விலகிப்போகும். பாறைமேல் கால் வைக்காதீர்கள், பவளம் உயிருள்ளது, ஒரு மிதிக்குச் செத்துவிடும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் தனி, படகு தனி, ஸ்நார்கெல் சாமான் தனி. மூன்றையும் சேர்த்து விலை பேசிவிட்டு ஏறுங்கள். காலையில் முதல் படகுகளில் போனால் கூட்டம் வருவதற்குள் நிம்மதியாகப் பார்த்து வரலாம்.

சாயங்காலத்துக்குக் கோணேசுவரம். சம்பந்தர் பாடிய தலம். கோட்டைக்குள் மான்கள் திரிகிற பாதையில் ஏறிப்போனால், செங்குத்தான பாறையின் உச்சியில் கோயில், கீழே ஆழ்கடல். கன்னியா வெந்நீரூற்றும் பக்கத்தில்தான், ஏழு கிணறு. சைவக்காரர்கள் இருவருக்கும் இடியாப்பம், சொதி, தோசை எல்லாம் தெருவிலேயே கிடைத்துவிடும். ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் வருகிறது. கொழும்பின் சுற்றுலா விலைகளைப் பார்த்துப் பயந்தவர்கள் கிழக்கில் நிம்மதியாக இருக்கலாம்.

போகும் வழி இந்த யோசனைக்கு இன்னும் வலு சேர்க்கிறது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் தொடங்கினார்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். கடல்வழியும் இருக்கிறது: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய கப்பல், நான்கு மணி நேரப் பயணம். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகப் போனால் விடிவதற்குள் துறைமுகம் சேர்ந்துவிடலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை நம் பெரியவர்கள் ரயிலும் கப்பலுமாக இலங்கைக்குப் போய்வந்தார்கள். ஐந்து நண்பர்கள் கப்பல் தளத்தில் நின்றுகொண்டு கரை மறைவதைப் பார்ப்பதும் விடுமுறையில் சேர்த்திதான், அது வீணாகும் நேரம் அல்ல. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கப்பல் நின்றுவிடும். மற்ற மாதங்களிலும் ஓடும் நாட்களைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். என் யோசனை: போகும்போது கப்பல், வரும்போது விமானம். திரும்பும் தேதி மாறக் கூடாது என்பதால் அந்தப் பக்கம் உறுதியானதாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் இறங்கியவுடன் திருகோணமலைக்கு ஓடாதீர்கள். ஒரு நாள் நெடுந்தீவுக்கு ஒதுக்குங்கள். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரப் படகு. பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், தன்னிச்சையாகத் திரியும் குதிரைகள், பருத்த அடிமரம் கொண்ட ஒரு பெருக்க மரம் (பாவோபாப்), அப்புறம் வெட்டவெளி. அதே துறையிலிருந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் போய்வரலாம். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை வவுனியா வழியாகப் பாதி நாள் பயணம். வேன் எடுத்தால் ஐந்து பேருக்கும் சாமானுக்கும் சரியாக இருக்கும்.

இது 2009 வரை போரைக் கண்ட மண். நம்மோடு ஒரே மொழி பேசுகிறார்கள் என்பதற்காக முதல் சந்திப்பிலேயே போர்க்கதை கேட்கத் தொடங்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். பாழடைந்த வீடுகளின் முன் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

இலங்கைக்குப் பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால் அரசின் தளத்தில் மட்டும் பாருங்கள், இடைத்தரகர்களின் தளங்களில் கூடுதலாகக் கட்டிவிடாதீர்கள்.

கூட்டத்தில் யாருக்காவது பாஸ்போர்ட் இல்லை என்றாலோ, பயணமே ஜனவரியில்தான் என்றாலோ என் பதில் தலைகீழாக மாறும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தமானை மிஞ்ச நம் பக்கத்தில் எதுவும் இல்லை. அப்போதும் எல்லோரும் போகிற ஹேவ்லாக்கில் ஒரே ஒரு ஸ்கூபா நாளை வைத்துக்கொண்டு, மீதி நாட்களை நீல் தீவில் கழிக்கச் சொல்வேன். சின்னத் தீவு, சைக்கிளிலேயே சுற்றிவிடலாம், ஒருவரை ஒருவர் தொலைக்க முடியாது. நம் கடிகாரத்தையே வைத்துக்கொண்டு வெகுதூரம் கிழக்கே இருப்பதால் மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். விடியற்காலையில் எழுந்தால்தான் பகல் கிடைக்கும். திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவே ஸ்ரீ விஜயபுரத்துக்கு வந்துவிடுங்கள். அன்று செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். 1906இல் கட்டி முடித்த கட்டடம், ஒரு மாலைப்பொழுது முழுக்க அதற்குத் தகும். அக்டோபர், நவம்பர் என்றால் நம் பக்கத்துக் கடல்கள் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது மலைக்குப் போங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். எங்களில் ஒருவன் கல்விக்கடன் வாங்கிக்கொண்டு போகிறான், ஒருத்தியின் வீட்டில் கல்யாணச் செலவு. சம்பாதிக்கிறவர்கள் ‘நான் போட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்வது அன்புதான், ஆனால் வாங்கிக்கொள்கிறவர் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்துக் கூசுவார். குறைவாகச் செலவு செய்யக்கூடியவர் ஒரு தொகையைச் சொல்லட்டும், அதுதான் எல்லோருக்கும் தொகை. அதற்குள் எந்தத் தீவு வருகிறதோ அங்கே போகலாம். புறப்படும் முன்பே ஒருவரிடம் மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள்; அங்கே போய் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சே வரக் கூடாது.

தங்க ஹோட்டல் அறைகள் வேண்டாம், சமையலறையும் திண்ணையும் உள்ள முழு வீடாகத் தேடுங்கள். நிலாவெளியில் அப்படிப்பட்ட விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. பகலில் கடல் இருக்கிறது, இரவில்தான் பேச்சு வரும். ஆளுக்கொரு அறையில் போனைப் பார்த்துக்கொண்டு தூங்கிப்போனால் இவ்வளவு தூரம் வந்ததற்குப் பொருளில்லை. பெண்பிள்ளைகள் வீட்டிலும் முதலில் கேட்கும் கேள்வி ‘எங்கே தங்குகிறீர்கள்’ என்பதுதான். குடும்பம் நடத்தும் இல்லம், வீட்டுக்கார அம்மா தமிழ் பேசுவார், இதோ அவர் எண், வேண்டுமானால் பேசிப்பாருங்கள் என்று சொன்னபோது எங்கள் தோழியின் ஆத்தா சம்மதித்துவிட்டார். மாலத்தீவுக்கும் லங்காவிக்கும் அந்த வீட்டில் வேறு பதில் வந்திருக்கும்.

முறுக்கும் மாவுருண்டையும் எப்படியும் கட்டிக்கொடுத்துவிடுவார்கள், பெட்டியில் இடம் விட்டுவையுங்கள். கப்பலில் கொண்டுபோகக்கூடிய எடையைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தேதி. ஊர் திரும்பும் நாளுக்கும் முதல் ஆள் கிளம்பும் நாளுக்கும் இடையே குறைந்தது ஒரு வாரம் இருக்க வேண்டும். விசா முத்திரை, வங்கி, தையல்காரர், சொந்தக்காரர் வீட்டு விருந்து எல்லாம் அந்த வாரத்தில்தான் வரும். கல்யாணப்பெண்ணுக்கு இரண்டு வாரமாவது விடுங்கள். அப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டதில் எங்களுக்கு ஜூலை முதல் வாரம் வந்தது. பாஸ்போர்ட் காலாவதித் தேதிகளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் தீவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைப் புதுப்பிக்கப் போடுங்கள்.